பாத்ரூமில் சாக்கடை வாடையா? ஃபினாயிலைத் தேடுவதற்கு முன் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள்

ஒன்றிரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் ஹால் வரைக்கும் சாக்கடை வாடை. அல்லது ஆட்கள் புழங்கும் வீட்டிலேயே, யாரும் போகாத கெஸ்ட் பாத்ரூம் கதவைத் திறந்தால் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். உடனே ஃபினாயில் ஊற்றுவோம், ஆசிட் போட்டுத் தேய்ப்போம், தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலி (சல்லடைத் தகடு) மேல் நாலு பாச்சை உருண்டை போடுவோம், ரூம் ஸ்ப்ரே அடிப்போம். இது எதுவும் தேவையில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்த வாடைக்குக் காரணம் அழுக்கு இல்லை. தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே நிற்க வேண்டிய தண்ணீர் வற்றிவிட்டது, அவ்வளவுதான்.

ஃபினாயில் ஊற்றினால் நாற்றம் போகிறதே என்று கேட்பீர்கள். போகும். ஃபினாயிலோடு சேர்த்து அரை வாளி தண்ணீரும் ஊற்றினீர்கள் இல்லையா, வேலையைச் செய்தது அந்தத் தண்ணீர்தான்.

பாத்ரூம் தரையில் இருக்கும் ஜாலியைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்று வெளிச்சம் பளபளவென்று திரும்பி வந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்குத்தான் ட்ராப் என்று பெயர். பிளம்பர்கள் நானி ட்ராப் என்பார்கள், கடையில் ஃப்ளோர் ட்ராப் என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். குழாய் நேராக வெளியே போகாமல் ஒரு தடவை கீழே இறங்கி, கொஞ்சம் மேலே ஏறி, அதன் பிறகே கழிவு லைனில் சேர்கிறது, அந்த இறக்கத்தில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். அந்தப் பக்கம் செப்டிக் டேங்க்கோ பாதாள சாக்கடையோ இருக்கிறது, இந்தப் பக்கம் உங்கள் வீடு. நடுவில் கதவும் கிடையாது, வால்வும் கிடையாது, அந்தத் தண்ணீர் மட்டும்தான். அது குறைந்தது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் நிற்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட விதி. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரம் செய்பவர் லண்டனில் 1775இல் இப்படி வளைந்த குழாயுள்ள கழிப்பறைக்குக் காப்புரிமை வாங்கினார். 250 வருடம் ஆகியும் இதைவிட எளிமையாக, செலவில்லாமல் சாக்கடைக் காற்றைத் தடுக்க யாரும் வேறு வழி கண்டுபிடிக்கவில்லை.

வாடை மட்டும்தானே, ஜன்னலைத் திறந்து விட்டால் போகிறது என்று விட்டுவிடக் கூடாது. சாக்கடைக் காற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், அம்மோனியா எல்லாம் கலந்து இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. காற்றில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். வீட்டில் வரும் அளவுக்குத் தலைவலி, குமட்டல், கண் எரிச்சல் என்று படுத்தும், அதோடு கரப்பான்பூச்சியும் சாக்கடை ஈயும் அதே வழியாக ஏறி வரும். இரவில் பாத்ரூமில் பெரிய சிவப்புக் கரப்பான் திரிகிறது என்றால் மருந்து அடிப்பதற்கு முன்னால் ட்ராப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடந்திருக்கிறது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 42 பேர் இறந்தார்கள். வயிற்றுப்போக்கோடு அங்கே ஒரு வீட்டுக்கு வந்துபோன நோயாளி ஒருவரிடமிருந்து அது கழிவுக் குழாய் வழியாக மற்ற வீடுகளுக்கு ஏறியது என்று விசாரணையில் சொன்னார்கள். எப்படி ஏறியது? அங்கே நிறைய வீடுகளில் பாத்ரூம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் மாப் போட்டுத் துடைத்து வந்திருக்கிறார்கள், அதனால் தரை ட்ராப் எல்லாம் காய்ந்து கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டதும் அது குழாயில் இருந்த காற்றையும் நுண்துளிகளையும் வீட்டுக்குள் இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தரை ட்ராப்பிலும் வாரத்துக்கு ஒரு தடவை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள் என்று ஹாங்காங் அரசே மக்களுக்குச் சொல்லிவருகிறது. மாப்பும் எக்ஸாஸ்ட் ஃபேனும் இப்போது நம் ஊர் ஃபிளாட்டுகளிலும் அதேபோல்தான் இருக்கின்றன, அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம்.

முதலில் வீட்டில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று ஒரு நடை நடந்து எண்ணுங்கள். பாத்ரூம் தரை, கமோடு, வாஷ்பேசின், சமையலறை சிங்க், வாஷிங் மெஷின் இருக்கும் இடம், பால்கனி, தனி வீடாக இருந்தால் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடம். இதில் தினமும் தண்ணீர் போகும் ஓட்டைகளை விட்டுவிடுங்கள், அவை தானாகவே நிரம்பிக்கொள்ளும். மிச்சம் இருப்பவைதான் உங்கள் வேலை. அவை ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு மக் தண்ணீர், சனிக்கிழமை என்றால் சனிக்கிழமை, வீடு கழுவும் நாள் என்றால் அந்த நாள். வெயில் காலத்தில், அதுவும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும் பாத்ரூமில், நன்றாக நிரம்பியிருந்த ட்ராப்கூட மூன்று நான்கு வாரத்தில் வாடை விடும் அளவுக்கு இறங்கிவிடும், ஆழம் குறைவான மாடல் என்றால் அதற்கு முன்னாலேயே. வாரம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு வாரம் மறந்தாலும் தாங்கும்.

ஊற்றும்போது சரேலென்று கவிழ்க்காமல் மெதுவாக ஊற்றுங்கள். வேகமாகப் போகும் தண்ணீர் தன்னோடு ட்ராப்பில் இருக்க வேண்டிய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம். கமோடிலும் இதே கதைதான்: ஃப்ளஷ் வேலை செய்யவில்லை என்று வாளித் தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றினால் சில கமோடுகளில் உள்ளே தண்ணீர் மட்டம் இறங்கி நின்றுவிடும். கடைசியாக அரை மக் நிதானமாக ஊற்றி மட்டத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். ஃப்ளஷ் செய்தாலும் மட்டம் குறைவாகவே நிற்கிறது என்றால் ஃப்ளஷ் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், சில மாடல்களில் கமோடை நிரப்புவதற்கென்றே ஒரு சின்ன ரப்பர் டியூப் இருக்கும், அது கழன்று டேங்க்குக்குள்ளேயே விழுந்து கிடக்கும். எடுத்து நடுவில் இருக்கும் ஓவர்ஃப்ளோ குழாயில் மாட்டினால் வேலை முடிந்தது.

தண்ணீர்ப் பஞ்சம் இருக்கும் நேரத்தில் நல்ல தண்ணீரை ஓட்டையில் ஊற்ற மனம் வராது, நியாயம்தான். துணி கடைசியாக அலசிய தண்ணீர் போதும், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் நல்லது. அரிசி கழுவிய தண்ணீர், சாம்பார்ப் பாத்திரம் அலசியது எல்லாம் வேண்டாம், அது ட்ராப்பிலேயே தங்கிப் புளித்து வேறு ஒரு நாற்றத்தைக் கிளப்பும்.

எல்லோரும் மறக்கும் இடங்கள்

இப்போது கட்டும் ஃபிளாட்டுகளில் பாத்ரூமைக் கண்ணாடி போட்டு இரண்டாகப் பிரிக்கிறார்கள். குளிக்கும் பக்கம் ஒரு ஜாலி, கமோடு இருக்கும் பக்கம் ஒரு ஜாலி. குளிக்கும் தண்ணீர் முழுக்க ஒரு பக்கமே போய்விடுவதால் கமோடு பக்கத்து ட்ராப்பில் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை, தினமும் இரண்டு பேர் குளிக்கும் பாத்ரூமிலேயே வாடை வருவது இதனால்தான். தினமும்தான் தண்ணீர் புழங்குகிறதே, ட்ராப் எப்படிக் காயும் என்று நம்மால் சந்தேகப்படவே முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஜாலியைத் தூக்கிப் பாருங்கள்.

அடுத்தது ஏசி. ஸ்பிளிட் ஏசியின் தண்ணீர் போகும் குழாயைச் சில இடங்களில் நேராக பாத்ரூம் கழிவு லைனில் இணைத்துவிடுகிறார்கள். கோடையில் ஏசி ஓடும் வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதால் தெரியாது. மார்கழி தையில் ஏசியை நிறுத்திவைத்திருக்கும்போது அந்தக் குழாய் காய்ந்து, படுக்கையறைக்குள் ஏசி வழியாகவே சாக்கடை வாடை வரும். ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு எத்தனை தடவை சர்வீஸ் செய்தாலும் போகாது. அந்தக் குழாயைக் கழிவு லைனிலிருந்து பிரித்து வெளியே திறந்தவெளியில் விட வேண்டும், அது ஒன்றுதான் நிரந்தரத் தீர்வு.

வாஷிங் மெஷின் குழாயைத் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் பைப்புக்குள் சும்மா சொருகி வைத்திருப்பார்கள். ட்ராப் இல்லாமல் நேராக லைனில் போகும் பைப்பாக இருந்தால் சுற்றியுள்ள இடைவெளி வழியாகக் காற்று வந்துகொண்டேதான் இருக்கும், அங்கே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை. பால்கனி ஜாலியில் வாடை வருகிறதா? அது மழைத்தண்ணீர்க் குழாயாக இருந்தால் வாடைக்கு இடமே இல்லை. வருகிறது என்றால் யாரோ அதைக் கழிவு லைனில் சேர்த்திருக்கிறார்கள், குடியிருப்புச் சங்கத்திடம் சொல்லுங்கள், ஏனென்றால் மழை நாளில் அதே இணைப்புதான் கீழ் வீட்டில் சாக்கடை பொங்கவும் காரணமாகும்.

வாஷ்பேசின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பேசினுக்குக் கீழே குனிந்து பாருங்கள். உருண்டையாக ஒரு குப்பி தொங்கினால் அது பாட்டில் ட்ராப், உள்ளே தண்ணீர் நிற்கும், பிரச்சினை இல்லை. நிறைய வீடுகளில் அது இருக்காது, வளையும் பிளாஸ்டிக் வேஸ்ட் பைப் ஒன்று நேராக இறங்கித் தரையிலோ சுவரிலோ இருக்கும் ஓட்டைக்குள் போகும். அந்த ஓட்டை பாத்ரூமின் நானி ட்ராப்பில் போய்ச் சேர்ந்தால் தனியாக ட்ராப் தேவையில்லை, அதுவே இரண்டுக்கும் காவல். நேராக லைனில் போய்ச் சேர்ந்தால்தான் சிக்கல். கண்டுபிடிப்பது சுலபம்: பேசினில் தண்ணீர் திறந்துவிட்டுத் தரை ஜாலிக்குள் டார்ச் அடியுங்கள், உள்ளே தண்ணீர் வந்து விழுவது தெரிந்தால் சரி. தெரியவில்லை என்றால் பேசினுக்கு ஒரு பாட்டில் ட்ராப் மாட்டுங்கள். எந்த வகையாக இருந்தாலும் பைப் சுவருக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வாஷர் இறுக்கமாக இருக்க வேண்டும். இடைவெளி தெரிந்தால் எம்சீலோ சிலிக்கானோ வைத்து அடைத்துவிடுங்கள், நிறைய வீடுகளில் பேசின் வாடை இந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

ஜாலிக்குள் இருக்கும் கிண்ணத்தைத் தூக்கிப் போடாதீர்கள்

கரப்பான் வராத ஜாலி என்று விற்கிறார்களே, அதை எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்டீல் கிண்ணமும், அதற்கு மேல் கவிழ்ந்து உட்காரும் ஒரு மூடியும் இருக்கும். அந்தக் கிண்ணத்தில் நிற்கும் தண்ணீரும் ஒரு தடுப்புதான், ஆனால் ஆழம் மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் வற்றும். அதில் முடி சேர்ந்து தண்ணீர் மெதுவாகப் போக ஆரம்பித்ததும் சுத்தம் செய்ய வருபவர்களோ நாமோ அந்தக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுவோம், அதோடு அது குப்பையில் போய்விடும். கீழே ஆழமான ட்ராப் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. இல்லாத வீட்டில் அன்றைக்கே வாடை ஆரம்பித்துவிடும். மாதம் ஒரு தடவை கிண்ணத்தைக் கழற்றி, பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்து, அதே இடத்தில் பொருத்தி, தண்ணீர் ஊற்றுங்கள்.

முடியை எடுப்பது வெறும் அடைப்புக்காக மட்டும் இல்லை. ட்ராப்பின் விளிம்பைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கும் முடிக் கொத்து, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அந்தப் பக்கம் இழுத்து ட்ராப்பை வற்றவைத்துவிடும். மாப்பிலிருந்து பிரியும் நூலும் இதையே செய்யும். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு விரலை விட்டு இழுத்தால் வந்துவிடும், வராவிட்டால் நுனி வளைந்த கம்பி ஒன்று போதும்.

ஆசிட் மட்டும் வேண்டாம். அது சிமென்ட் பூச்சையும் ஜாலியையும் அரிக்கும், ஓரத்தில் வெடிப்பு விட்டால் தண்ணீர் ட்ராப்பில் நிற்காமல் தளத்துக்குள் இறங்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய பாத்ரூமில் அது மூச்சுக்கே ஆபத்து. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாச்சை உருண்டையால் ட்ராப்புக்கு ஒரு நன்மையும் இல்லை, ஒரு வாடையை இன்னொரு வாடையால் மூடுகிறோம், அவ்வளவே.

மாதக்கணக்கில் ஊருக்குப் போகும்போது

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பும் அப்பா அம்மாக்கள் இப்போது ஏராளம். அப்படிப் பூட்டிவிட்டுப் போகும் வீட்டுக்கு இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து மாதம் ஒரு தடவை வந்து எல்லா ஓட்டையிலும் ஒரு மக், கமோடில் ஒரு ஃப்ளஷ், சிங்கில் ஒரு நிமிடம் குழாய் என்று செய்யச் சொல்வது. போகும்போது மெயின் வால்வை அடைத்துவிட்டுப் போவீர்கள், அப்போது குழாயிலும் ஃப்ளஷ்ஷிலும் தண்ணீர் வராது, அதனால் கமோடிலும் சிங்கிலும் ஊற்றுவதற்கும் சேர்த்து இரண்டு கேனில் தண்ணீர் பிடித்து மூடிவைத்துவிட்டுப் போங்கள். வாளியில் திறந்து வைத்தால் கொசு முட்டையிடும்.

இரண்டாவது வழி எண்ணெய். ட்ராப்பைச் சுத்தம் செய்து, நிறையத் தண்ணீர் ஊற்றி, கடைசியாக மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினை மேலே ஊற்ற வேண்டும். நாலு அங்குலத் தரை ட்ராப்புக்கு 50 மில்லி போதும், பேசினுக்கும் சிங்குக்கும் 20 மில்லி. எண்ணெய் தண்ணீர் மேல் ஒரு படலமாக நின்று ஆவியாகாமல் தடுக்கும், மாதக்கணக்கில் தாங்கும். கொசுப் புழுக்கள் மூச்சு விட மேலே வர வேண்டும், படலம் இருந்தால் அவை பிழைக்காது. பூட்டிய வீட்டின் ட்ராப்பில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு ஏற்ற இடம் என்பதால் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயும் சமையல் எண்ணெயும் ஊற்றாதீர்கள். சமையல் எண்ணெய் நாளானால் சிக்கு வாடை எடுத்துப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். எண்ணெய் ஊற்றிய பிறகு மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் எண்ணெயும் சேர்ந்து போய்விடும். ஆகவே சாவிக்காரர் அல்லது எண்ணெய், இரண்டில் ஒன்று.

இதோடு ஜாலி மேல் ஒரு பாலிதீன் தாளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆனால் மெயின் வால்வை அடைத்துவிட்டீர்களா என்று உறுதி செய்துகொண்டு ஒட்டுங்கள், ஃப்ளஷ் டேங்க்கோ குழாயோ கசிந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்துவிடும். கமோடில் மூடியைச் சாத்துவதற்கு முன் விளிம்பைச் சுற்றியும் இதே பாலிதீனைப் போட்டு மூடிவிடுங்கள், கமோடுத் தண்ணீரும் வற்றும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

தண்ணீர் ஊற்றியும் வாடை போகவில்லை என்றால்

எந்த ஓட்டையிலிருந்து வருகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். மூக்கை நம்பாதீர்கள், ஐந்து நிமிடத்தில் அதற்கு வாடை பழகிவிடும். இரவு படுக்கப் போகும் முன் எல்லா ஜாலிக்கும் பேசினுக்கும் சிங்குக்கும் பாலிதீன் போட்டு ஓரம் முழுக்க டேப் ஒட்டுங்கள். காலையில் எழுந்ததும், வீட்டில் வேறு எந்த வாசனையும் கிளம்புவதற்கு முன், ஒவ்வொன்றாக ஓரத்தைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். குற்றவாளி எது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். எல்லாம் மூடியிருந்தும் வாடை இருந்தது என்றால் கமோடு தரையில் உட்காரும் இணைப்பைப் பாருங்கள், அந்த ஓரத்து சிமென்ட் பெயர்ந்து கமோடு லேசாக ஆடினால் காற்று அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு பிளம்பர் வந்து கமோடைத் தூக்கித் திரும்ப உட்காரவைக்க வேண்டும்.

ஓட்டை தெரிந்த பிறகு அந்த ட்ராப்பை விளிம்பு வரை நிரப்பி, ஒரு குச்சியை விட்டு ஆழத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க யாரும் அங்கே தண்ணீர் விடக் கூடாது. காலையில் அதே குச்சியை விட்டுப் பார்த்தால் ஓரிரு மில்லிமீட்டர் குறைந்திருக்கலாம், அது சகஜம். இரண்டு விரல்கட்டை இறங்கியிருந்தால் ட்ராப்பில் விரிசல் இருக்கிறது, அல்லது முடி இழுக்கிறது. முடியை எடுத்துவிட்டு மறுநாளும் பாருங்கள். அப்போதும் இறங்கினால் விரிசல்தான், கீழ் வீட்டுக்காரரிடம் அவர்கள் பாத்ரூம் சீலிங்கில் ஈரம் இருக்கிறதா என்று கேளுங்கள், அநேகமாக இருக்கும்.

தண்ணீர் அப்படியே நிற்கிறது, ஆனால் திடீர் திடீரென்று ஒரு நாள் காணாமல் போகிறது என்றால் அது வேறு கதை. மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும் சத்தம் கேட்கும் நேரத்தில் உங்கள் கமோடுக்குள் பாருங்கள். தண்ணீர் மேலும் கீழும் ஆடுகிறதா, குபுக் குபுக் என்று குமிழி விடுகிறதா? மேலிருந்து மொத்தமாக இறங்கும் தண்ணீர் குழாயில் காற்றை முன்னால் தள்ளிக்கொண்டும் பின்னால் இழுத்துக்கொண்டும் போகிறது. அந்தக் காற்று வந்துபோகத்தான் வென்ட் பைப்பை மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தி, தலையில் கவுல் என்ற ஓட்டை ஓட்டையான மூடியைப் போட்டு விட்டிருப்பார்கள். அது அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வேறு வழியில்லாமல் உங்கள் ட்ராப் வழியாக இழுக்கும், தண்ணீரும் கூடவே போய்விடும்.

ஆகவே மொட்டைமாடிக்குப் போய் ஒவ்வொரு வென்ட் பைப்பாகப் பாருங்கள். கவுல் உடைந்து அதற்குள் அணிலோ மைனாவோ கூடு கட்டியிருக்கும். துணி காயப்போடும் இடத்தில் வாடை வருகிறது என்று யாராவது எண்டு கேப் (குழாய் முனையை அடைக்கும் மூடி) போட்டு அடைத்திருப்பார்கள். ஷெட் போட்டவர்கள் இடைஞ்சலாக இருக்கிறதென்று அறுத்துவிட்டு மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். நாலு மாடிக் கட்டடத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் தனித்தனியாக பிளம்பரைக் கூப்பிட்டு, தனித்தனியாக ட்ராப் மாற்றி, காசைச் செலவழித்துவிட்டு அதே வாடையோடு இருப்பார்கள். காரணம் மாடியில் நூறு ரூபாய் விலைகூட இல்லாத ஒரு மூடியாக இருக்கும். மாடியில் வாடை வந்தால் பைப்பை இன்னும் உயர்த்துங்கள், அடைக்கவே அடைக்காதீர்கள்.

தனி வீட்டில் இன்னொரு இடமும் உண்டு. சமையலறை, குளியலறைத் தண்ணீர் சுவருக்கு வெளியே வந்து விழும் இடத்தில் சதுரமாக ஒரு சின்னத் தொட்டி இருக்கும், அதற்குப் பெயர் கல்லி ட்ராப். அதிலும் தண்ணீர் நிற்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்து கெட்டியாகிவிட்டால் வாரி எடுத்துவிட்டு இரண்டு வாளி தண்ணீர் விடுங்கள்.

கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியையோ செப்டிக் டேங்க் மூடியையோ மட்டும் நீங்களாகத் திறந்து எட்டிப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் தீப்பெட்டி கிழிக்கவும் வேண்டாம், மீத்தேன் பற்றிக்கொள்ளும். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு பத்தாயிரத்தில் ஒரு பங்கைத் தொட்டால் சில நிமிடத்தில் மூக்கு மரத்து வாடையே தெரியாமல் போய்விடும், வாடை இல்லையே என்று இறங்கிய எத்தனையோ பேர் திரும்பி ஏறவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் ஒரு தொழிலாளியை உள்ளே இறங்கச் சொல்லாதீர்கள். பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் அப்படி இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். லாரியைக் கூப்பிட்டு மெஷின் வைத்து உறிஞ்சச் சொல்லுங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை.

இப்போது ஆன்லைனில் சிலிக்கான் வால்வு வைத்த ஜாலி கிடைக்கிறது, தண்ணீர் போகும்போது திறந்து பிறகு தானாக மூடிக்கொள்ளும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் காய்ந்த ட்ராப்புக்கு, பூட்டிய வீட்டுக்கு வாங்கிப் போடலாம். குளிக்கும் இடத்தில் போட்டால் இரண்டு வாரத்தில் முடி சிக்கி வால்வு திறந்தபடியே நின்றுவிடும், தண்ணீரும் தேங்கும், அங்கே வேண்டாம்.

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், பாத்ரூமை மாற்றிக் கட்டுகிறவர்கள் பிளம்பரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கமோடு பக்கத்துத் தரை ட்ராப் பக்கவாட்டில் இணைப்பு உள்ள மாடலாக இருக்கட்டும், வாஷ்பேசின் தண்ணீரை அதில் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். காலையில் பல் தேய்க்கும்போதே அந்த ட்ராப் நிரம்பிவிடும், மக்கைத் தூக்கிக்கொண்டு போகும் வேலையே இல்லை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு ட்ராப்பிலும் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் விட்டு, மட்டம் இறங்கவில்லை என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மூடச் சொல்லுங்கள்.